நெல் கடிக்கிற பல்

நைனார்பாளையத்தில் ஒருவர் நெல் விற்க வேண்டுமானால் முதலில் கலையரசி அதைக் கடிக்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை. களத்துக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். குவியலின் மேலே கிடக்கிற நெல்லை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். மேல் நெல் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுவாள். அதில் ஒன்றைப் பொறுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிப்பாள். காய்ந்த நெல் டக்கென்று உடையும். ஈரம் இருந்தால் சத்தம் வராது, மெத்தென்று நசுங்கும். "எடுத்துக்கலாம்" என்பாள், இல்லையென்றால் "இன்னும் ஒரு வெயில் காயட்டும்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் களத்தில் நிற்கிற அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் நெல் தரகர். மில்லுக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்கிறவள். நடுவில் நிற்கிறவளுக்கு இரண்டு பக்கமும் திட்டுதான். காய்ந்தது என்று சொல்லி அனுப்பினால் மில்லில் முணுமுணுப்பார்கள், காயவில்லை என்றால் களத்தில் முணுமுணுப்பார்கள். ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தாள். அது காட்டுகிற நம்பரைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு இன்னாம்மா தெரியும், நீ கடிச்சிச் சொல்லு" என்பார்கள். மெஷின் வண்டி சீட்டுக்கு அடியில் பழைய துணியோடு துணியாகக் கிடந்தது.

நானும் அவளும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இப்போது நான் பஸ் நிற்கிற இடத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். அவள் வண்டி என் கடை வாசலில்தான் நிற்கும். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்கிறவர்கள் கடைக்கு வந்து சண்டை போடட்டும்.

அவளுக்கு எத்துப்பல். சின்ன வயதில் தேங்காய்த் துருவி என்று கூப்பிடுவார்கள். "தேங்கா கொண்டா, துருவித் தரேன்" என்று பதில் சொல்லிவிட்டு அதே பல்லைக் காட்டிச் சிரிப்பாள். வாயைக் கையால் மூடிச் சிரிக்கிற பழக்கம் அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான், கல்யாணமாகிப் பிள்ளை ஐந்தாவது படிக்கும்போது திடீரென்று பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் முகத்தில் என்ன மாறினாலும் அது ஊர்ப் பொதுச்சொத்து. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். பல்லுக்கு வேலி போட்டிருக்கிறாளா, ஆடு மாடு நுழைகிறதா என்று ஒரு கூட்டம். புருஷன் பகலவன் ஏதாவது சொல்லிவிட்டானா என்று இன்னொரு கூட்டம். அவன் பாவம், கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். பொண்டாட்டி பல்லைப் பார்க்க அவனுக்கு நேரமேது? நானும் கேட்டேன்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டிருந்தா மாப்பிள்ளைக்காகப் போட்டுக்கினேன்னு சொல்லுவாங்க. இப்ப போட்டா எனக்காகத்தான? எனக்கு ஆசடி. அவ்ளோதான்" என்றாள். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவளைக் கேட்க வந்தவர்களையெல்லாம் நானே கடை வாசலிலிருந்து விரட்டிவிட்டேன்.

கிளிப் போட்ட பல்லோடும் அவள் நெல் கடிப்பதை விடவில்லை. கடினமானது எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது என்று கள்ளக்குறிச்சிப் பல் டாக்டர் தேவிப்ரியா முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். களத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? பல்லில் ஒட்டியிருந்த உலோகத் துண்டு அடிக்கடி கழன்றது. ஒவ்வொரு தடவையும் "முறுக்கு கடிச்சிட்டேன் டாக்டரம்மா" என்று ஒரே பொய்யைச் சொன்னாள். நெல் என்று சொன்னால் தொழிலையே விடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். டாக்டரும் இவள் முறுக்குப் பைத்தியம் என்றே நம்பினார்.

ஒருவழியாகக் கிளிப்பைக் கழற்றினார்கள். அன்றைக்கு வந்து என் கடைக் கண்ணாடி முன்னால் நின்றவள் நகரவே இல்லை. வரிசையான பல். உதடு தானாக மூடிக்கொண்டது. வளையல் வாங்க வந்த பெண்கள் கண்ணாடிக்காகக் காத்து நின்றார்கள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை விரட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கிளிப்பைக் கழற்றியதோடு வேலை முடியவில்லை. பல்லைப் பிடித்து வைத்திருக்கிற எலும்பு உறுதியாவதற்குப் பல மாதம் ஆகும், அதுவரை பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும், அதைப் போகவிடாமல் நிறுத்த ரிடெய்னர் போட வேண்டும் என்றார் டாக்டர். மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடி போன்ற உறை, பல்மேல் மாட்டினால் மாட்டியதே தெரியாது. இன்னொன்று ரோஸ் நிறத் தகட்டில் கம்பி வைத்தது, உறையைவிட அதிக நாள் வரும், ஆனால் சிரித்தால் கம்பி தெரியும். இந்த இரண்டையும் சாப்பிடும்போது மட்டும் கழற்றி டப்பாவில் வைக்கலாம். மூன்றாவது, பல்லுக்குப் பின்பக்கம் ஒட்டிவிடுகிற மெல்லிய கம்பி. வெளியே தெரியாது, கழற்றவும் முடியாது; ஆனால் நன்றாகத் துலக்க வேண்டும், முன்பல்லால் கடினமானதைக் கடிக்கவே கூடாது.

"உங்க வேலைக்கு எது சரியா வரும்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார் டாக்டர்.

கடிக்கக் கூடாது என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே மூன்றாவது அடிபட்டுப்போனது. இரண்டு வருஷம் கம்பியோடு வாழ்ந்தவளுக்கு இரண்டாவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "உறையே குடுத்துடுங்க" என்றாள். தன் வேலை என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த நீல டப்பாவை வீட்டு அலமாரியில் வைத்தாள். சோப்பு டப்பா போல இருக்கிற அதைத் தூக்கிக்கொண்டு யார் களம் களமாக அலைவது?

தை மாதம். அறுவடை முழுவேகத்தில் இருந்தது. ஒரு களத்தில் நாலைந்து குவியல் இருக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் உறையைக் கழற்ற வேண்டும், கடிக்க வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். நடுவில் டீ வரும். சூடு பட்டால் உறை நெளிந்துவிடும் என்பதால் அதற்கும் கழற்ற வேண்டும். கழற்றியதை எங்கே வைப்பது? தரகர்கள் கையில் எப்போதும் இருப்பது கிழித்து வைத்த செய்தித்தாள்தான். ஒவ்வொரு குவியலிலும் ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி, மேலே பெயரை எழுதி மில்லுக்கு சாம்பிள் அனுப்புவார்கள். கலையரசியும் அந்தத் தாள்மேல் உறையைப் போட்டு வைப்பாள். கண்ணாடி மாதிரி இருக்கிற பொருள் நெல்லுக்கு நடுவில் கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நாக்கை வைத்துப் பார்த்தாள். உறை இல்லை.

களத்துக்குத் திரும்பி ஓடினாள். குவியல் மூட்டையாகிவிட்டிருந்தது. மறுநாள் மூட்டை தூக்குகிறவர்களிடம் கெஞ்சி மூன்று மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னாள். எதைத் தேடுகிறாள் என்று அவளால் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. "மோதிரமா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றாள். பிறகு மோதிரத்தையே எல்லாரும் தேடினார்கள். மில்லுக்குப் போன் போட்டு சாம்பிளையெல்லாம் பிரித்துப் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் இல்லை.

"நேரா டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுடி, வேற செஞ்சி குடுப்பாங்க" என்றேன்.

"இன்னா அவசரம்? ரெண்டு வருசம் கம்பில கட்டி வெச்ச பல்லு. ரெண்டு மூணு நாள்ல ஓடியா போவுது? அறுவடை ஓயட்டும்" என்றாள். அவளுடைய தைரியம் எனக்குத் தெரியும். பாதி நேரம் அது பிடிவாதம்தான்.

பல் ஓடத்தான் செய்தது. அறுவடை ஓயவில்லை, நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு காலை கடைக்கு வந்தவள் என்னிடம் பேசாமல் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு முன்பல் நூலளவு வெளியே வந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை, அவள் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு நாக்கு பட்டாலே தெரிந்ததாம். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். தேங்காய்த் துருவி என்றபோது அழாதவள், பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானபோது அழாதவள், ஒரு நூலளவு பல்லுக்கு அழுதாள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் வெள்ளிமலையிலிருந்து வேடியப்பன் போன் செய்தார். மலைமேல் சாமை, தினை போடுகிறவர். ஓடையோரத்து வயலில் இந்த வருஷம் நெல்லும் போட்டுப் பார்க்கலாமென்று, எங்கள் பக்கம் விளைகிற பொன்னியில் ஒரு பிடி அனுப்பச் சொல்லியிருந்தார். கலையரசி அதையும் அந்தக் களத்திலேயே பொட்டலம் கட்டிப் பகலவன் ஜீப்பில் அனுப்பியிருந்தாள். மலைக்குப் போனது மில்லுக்குப் போகிற சாம்பிள் இல்லையே, அதனால் அது அவள் நினைப்பிலேயே வரவில்லை. பகலவன் அதை வெள்ளிமலையில் ஒரு மளிகைக் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். வேடியப்பன் ஊர் இன்னும் உள்ளே, அங்கே சிக்னலும் கிடையாது. சந்தை நாளில் வெளியே வந்தவர் கடையில் பொட்டலத்தை வாங்கிப் பிரித்திருக்கிறார்.

"நெல்லு நல்லா இருக்குதும்மா" என்றார். "ஆனா ஒண்ணு. கடிச்சிப் பாக்கப் பல்லும் சேத்து அனுப்பி இருக்கியே. எங்களுக்கு மலையில பல்லு இல்லன்னு யாரு சொன்னது?"

அழுத கண்ணோடு அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். சாயங்கால ஜீப்பிலேயே உறை கீழே வந்தது. வேடியப்பன் அதைச் சுத்தமாகக் கழுவி, ஒரு புது டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பியிருந்தார். ஆனால் மாட்டினால் அது பல்மேல் உட்காரவில்லை. நகர்ந்த பல் தடுத்தது.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். துணைக்கு நானும் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, கொஞ்சமாத்தான் நகந்திருக்கு. இதையே அழுத்தி மாட்டினா நாலு நாள் வலிக்கும், பல்லு திரும்பிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மறுபடியும் கிளிப்தான்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "உள்ளதச் சொல்லுங்கக்கா. பகல்ல எத்தினி தடவ கழட்டுறீங்க? எதுக்குக் கழட்டுறீங்க?"

கலையரசி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று நான் கண்ணை உருட்டினேன்.

"நெல்லு கடிக்கறதுக்கு" என்றாள்.

"நெல்லா?"

"தரகு பண்றேன் டாக்டரம்மா. கடிச்சிப் பாத்துத்தான் ஈரம் சொல்லணும். அந்த முறுக்கு எல்லாமே நெல்லுதான்."

டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நானும் ரெண்டு வருசமா முறுக்கு வாணாம், முறுக்கு வாணாம்னு சொல்லிக்கினே இருந்தேனே" என்றார். பிறகு முகம் மாறியது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த உறைய நான் குடுத்திருக்கவே மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தினி தடவ கழட்டுறவங்களுக்கு அது தொலையத்தான் செய்யும். அதோட ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ரிடெய்னர் எதுவா இருந்தாலும், தெனம் இப்படி முன்பல்லால நெல்ல ஒடச்சா பல்லு தேயும், விரியும்."

உறையை அழுத்தி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நாலு நாள் கஞ்சியும் ரசமும்தான் குடித்தாள். பல் திரும்பி உட்கார்ந்தது. அந்த நாலு நாளும் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். கழற்றுகிற எதுவும் தன் கையில் தங்காது என்பது இப்போது அவளுக்கே தெரியும். ஒட்டுகிற கம்பி தங்கும். ஆனால் அதைப் போட்டால் கடிக்க முடியாது. கடிக்காவிட்டால் களத்தில் அவளுக்கு என்ன வேலை? பகலவன், "கடிக்கறதுக்கு ஒரு ஆள வெச்சிக்கயேன்" என்றான். "அவன் பல்ல யாரு நம்புவா? என் பல்லயே பாதிப் பேரு நம்பல" என்றாள்.

ஐந்தாம் நாள் தனியாகவே கிளம்பிப் போனாள். மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் பின்பக்கம் கம்பியை ஒட்டிக்கொண்டு வந்து, என் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப தொழிலு?" என்றேன்.

"தொழிலும்தான். ரெண்டும் எனக்கு வேணும்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "தெரியல. களத்துல போய் நின்னா தெரியும்" என்றாள்.

மறுநாள் வீரமுத்துவின் களம். ஊரிலேயே பெரிய குவியல் அவருடையது. அவர் யார் மூலம் விற்கிறாரோ அவரிடம்தான் மற்றவர்களும் போவார்கள். வருஷா வருஷம் கலையரசியோடு சண்டை போட்டுவிட்டுத்தான் நெல் கொடுப்பார். அவள் காயவில்லை என்றால் அவர் காய்ந்தது என்பார். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். அவள் தோற்றுப்போனால் பக்கத்தில் ஒருத்தியாவது இருக்க வேண்டுமே.

வழக்கம்போல் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். களத்தில் இருந்தவர்கள் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் கடிக்கவில்லை.

"பெரியப்பா, இனிமே நான் கடிக்க மாட்டேன். பல்லுல கம்பி ஒட்டி இருக்குது" என்றாள்.

"கடிக்காத தரகு எனக்கு எதுக்கும்மா? சின்னசேலத்து ஆளு ஒருத்தன் நேத்தே போன் போட்டான். அவன வரச் சொல்லிடட்டா?" என்றார் வீரமுத்து. சொன்னதோடு நிற்காமல் மடியிலிருந்து போனையும் எடுத்துவிட்டார்.

நான் அவள் காதருகே போய், "ஒரே ஒரு நெல்லுதானடி, கடிச்சிடு" என்று கிசுகிசுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

"வரச் சொல்லுங்க, வாணான்னு சொல்லல" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. நீங்களே கடிங்க."

"யாரு, நானா?"

"உங்க நெல்லு, உங்க பல்லு. கரும்ப உரிச்சித் திங்கற பல்லுதான? கடிங்க, நான் கேக்கறேன்."

வீரமுத்து விட்டுக்கொடுக்கிற ஆளா? குவியலின் மேலிருந்து ஒரு நெல்லை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கடித்தார். டக்கென்றது. "கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சி. மேலாக்க எடுத்தது அப்படித்தான் கேக்கும். உள்ள கைய வுட்டு எடுங்க."

அவர் குனிந்து கையை உள்ளே விட்டார். ஒரு பிடி எடுத்து, ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டார். கடித்தார். சத்தம் வரவில்லை. இன்னொன்றைப் போட்டார். அதுவும் வரவில்லை. இன்னும் ஆழமாகக் கையை விட்டு மூன்றாவதை எடுத்தார். இந்தத் தடவை மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். பிறகு நசுங்கிய நெல்லை உள்ளங்கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். கலையரசி சிரிக்கவில்லை.

"ஒரு வெயில் காயணும் போல இருக்குது" என்றார் வீரமுத்து. போனை மடியில் செருகிக்கொண்டார்.

"ஆமாங்க பெரியப்பா."

அவர் உடனே நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத்தினி வருசமா நீ மில்லுக்காரனுக்கு சாதகமாத்தான் சொல்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா" என்றார்.

"தெரியும் பெரியப்பா" என்றாள் கலையரசி. அவள் கண் கலங்கியிருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

வீரமுத்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குவியலைச் சரித்து, நெல் காயட்டும் என்று காலால் துழாவிப் பரப்பத் தொடங்கினார். கலையரசி முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, வரிசையான அத்தனை பல்லும் தெரிய, அடுத்த குவியல்காரரைக் கூப்பிட்டாள்.

"இது யாருது? வாங்க, வந்து கடிங்க."